முறுக்கியதும் திணறிய வண்டி: கார்புரேட்டர் பைக்குடன் 15 ஆண்டுகள்

2009-இல் புதிதாக வாங்கிய 150 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக்கை இன்றும் ஓட்டி வருகிறேன். சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கு வேலைக்குப் போய்வருவதும், மாதம் ஒருமுறையாவது ஏற்காடு ஏறுவதுமாக ஓடோமீட்டர் 1,10,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வண்டி என்னை நடுவழியில் நிறுத்திய நாட்கள் மிகக் குறைவு. ஆனால் 62,000 கிலோமீட்டர் வாக்கில் தொடங்கிய ஒரு கோளாறு, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் என்னையும் மூன்று மெக்கானிக்குகளையும் அலைக்கழித்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

நான்காவது கியரில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன். முன்னால் போகும் லாரியைத் தாண்டுவதற்காக ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முறுக்கினால், வண்டி ஒரு நொடி எதையுமே கேட்காததுபோல் இருந்துவிட்டு, பிறகுதான் மெல்ல வேகம் எடுக்கும். கையை நிதானமாகத் திருப்பினால் இந்தத் திணறல் தெரியாது. ஐடில் சீராக இருந்தது. காலையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. அந்த ஒரு நொடி காகிதத்தில் சிறியதாகத் தெரியலாம். எதிரே பேருந்து வரும்போது அது உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆகவே ‘பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்று சொன்னவர்களின் பேச்சை நான் ஏற்கவில்லை.

முதல் மெக்கானிக் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார். இரண்டாமவர் கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பெட்ரோல் வரும் நுண்துளையான ஸ்லோ ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி வைத்தார். மூன்றாமவர் பெட்ரோல் போதவில்லை என்று முடிவுசெய்து மெயின் ஜெட்டையே பெரிதாக்கினார். பிக்-அப் குறைவதற்கு இவை எல்லாமே உண்மையான காரணங்கள்தாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டர் எந்த அளவு திறந்திருக்கும்போது திணறுகிறது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் ‘பிக்-அப் இல்லை’ என்பதற்குமேல் எதையும் சொல்லவில்லை.

கார்புரேட்டர் வண்டியில் அந்தக் கேள்விதான் முதற்படி. ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை ஸ்லோ ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும்தான் பெரும்பாலும் பெட்ரோலைத் தருகின்றன. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில் என்ற கூர்முனை ஊசியும் அது இறங்கி நிற்கும் நீடில் ஜெட்டும் பொறுப்பேற்கின்றன. அதற்குமேல் முழுத் திறப்பு வரை மெயின் ஜெட்டின் ஆட்சி. எல்லைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கும் என்றாலும், எங்கே தேடுவது என்பதற்கு இந்தப் பிரிவு போதும். கைப்பிடி ரப்பரில் ஒரு வெள்ளை டேப்பையும், அதன் பக்கத்தில் அசையாத பகுதியில் கால், அரை, முக்கால் என்று மூன்று கோடுகளையும் ஒட்டிக்கொண்டு, ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பார்த்தேன். கால் பங்கைத் தாண்டிச் சட்டென்று முறுக்கும்போதுதான் திணறல் வந்தது. அதற்குக் கீழே இல்லவே இல்லை. ஸ்லோ ஜெட் அன்றே சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கியது.

அடுத்து, திணறும் வேளையில், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தேன். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் சோக் இழுத்ததும் இழுவை கூடவேண்டும். பெட்ரோல் மிகுதி என்றால் இன்னும் மோசமாகவேண்டும். என் வண்டியில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே பெட்ரோலைவிடக் காற்று வரும் வழியைத்தான் சந்தேகிக்க வேண்டியிருந்தது. கிளட்ச் நழுவியிருந்தால் வேகம் ஏறாமல் என்ஜின் சுழற்சி மட்டும் ஏறியிருக்கும். இங்கே இரண்டுமே ஏறவில்லை. ஸ்பார்க் விட்டுவிட்டு வந்திருந்தால் வண்டி வெட்டி வெட்டி இழுத்திருக்கும். இங்கே யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்ததுபோன்ற ஒரே சீரான தயக்கம். கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரைச் சுற்றி, ஐடிலில் ஓடும்போது தண்ணீர் தெளித்தும் பார்த்தேன். விரிசல் இருந்தால் என்ஜின் சத்தம் மாறும், மாறவில்லை.

எஞ்சியது டயாப்ரம், அதாவது கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் ஆக்ஸிலரேட்டர் கேபிள், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடை நேராகவே தூக்கிவிடும். என் வண்டியில் இருப்பது வேக்கும் (வெற்றிட) வகை. கேபிள் திறப்பது ஒரு தட்டு வால்வை மட்டுமே. ஸ்லைடை மேலே தூக்குவது என்ஜின் இழுக்கும் காற்றின் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பிடித்து வைப்பது ஸ்லைடின் தலையில் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு. சவ்வில் ஓட்டை விழுந்தால் நாம் எவ்வளவு முறுக்கினாலும் ஸ்லைடு தயங்கித் தயங்கியே ஏறும். நீடிலும் ஸ்லைடோடு சேர்ந்தே தங்கிவிடுவதால் காற்றும் பெட்ரோலும் ஒருசேரக் குறைகின்றன. சோக் இழுத்தும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, ஸ்லைடை விரலால் முழுவதும் தூக்கி, டயாப்ரத்தின் அடிப்புறத்துக்குக் காற்று போகும் துளையை இன்னொரு விரலால் அடைத்துக்கொண்டு கையை எடுத்தேன். சவ்வு நன்றாக இருந்தால் ஸ்லைடு அப்படியே நிற்கவேண்டும், அல்லது மிக மெதுவாக இறங்கவேண்டும். என்னுடையது ‘டக்’கென்று விழுந்தது. மேல்மூடியைத் திறந்து சவ்வை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபோது, மடிப்பின் ஓரத்தில் குண்டூசி முனை அளவில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. விரிக்காமல் பார்த்தால் அவை கண்ணில் படவே படா.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் அடைத்துப் பார்த்தேன். பெட்ரோல் ஆவியில் நான்கே நாளில் உரிந்துவிட்டது. யாரும் அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். புதிய டயாப்ரம் ஸ்லைடோடு சேர்ந்தே வந்தது. ஆயிரம் ரூபாய்க்குமேல் ஆனது. பொருத்தும்போது அதன் ஓரத்திலுள்ள சிறு காது தன் பள்ளத்தில் உட்காரவேண்டும், விளிம்பு முழுவதும் காடிக்குள் படியவேண்டும். மூடியை இறுக்கும்போது விளிம்பு நசுங்கினால் புதியதும் முதல் நாளிலேயே கெட்டுவிடும்.

நடுமுறுக்குத் திணறல் அன்றே போயிற்று. ஆனால் முழுவதும் முறுக்கினால் என்ஜின் கரகரத்து, பிளக் கரி படிந்து கறுத்தது. மூன்றாவது மெக்கானிக் போட்ட பெரிய மெயின் ஜெட்தான் காரணம். ஸ்லைடு முழுதாக ஏறாதவரை அந்த ஜெட்டுக்கு வேலையே வரவில்லை. ஏறத் தொடங்கியதும் தேவைக்குமேல் பெட்ரோலை ஊற்றியது. பழைய அளவு ஜெட்டையே திரும்பப் போட்டபின் பிளக் இளம்பழுப்பு நிறத்துக்கு வந்தது.

சவ்வு ஏன் ஓட்டையானது என்பதில் எனக்கு ஒரு கணிப்பு உண்டு. நான் ஒவ்வொரு சர்வீஸிலும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். டயாப்ரத்தைக் கழற்றாமலேயே கிளீனர் ஸ்ப்ரேயை அடித்தார்கள். அந்த ஸ்ப்ரே ரப்பருக்கு ஆகாது. இப்போது தேவை இல்லாமல் கார்புரேட்டரைத் திறக்கவிடுவதில்லை. திறந்தால் டயாப்ரத்தையும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களையும் முதலில் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

2021-இல் மீண்டும் இழுவை குறைந்தது. இம்முறை குணம் வேறு: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரம் போனபிறகு மெல்ல மெல்லத் தளரும்; நிறுத்திச் சற்று நேரம் விட்டால் சரியாகிவிடும். டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத் துளை தூசியால் அடைபட்டிருந்தது. துளையைச் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்தது.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்து மேலே போகும்போது வண்டி சற்று மந்தமாவதைக் கோளாறாக எண்ணவேண்டாம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோல் கூடித் தெரிகிறது. மலையில் ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டால் சேலத்துக்கு இறங்கியதும் மறுபடி திருப்ப நேரும்.

புதிய டயாப்ரம் 40,000 கிலோமீட்டருக்குமேல் ஓடிவிட்டது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த விரல் சோதனையைச் செய்கிறேன். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை மாசு விதிகள் வந்தபின் புதிய இருசக்கர வாகனங்கள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், கடைகளில் இந்த உதிரிபாகத்தைக் கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு கிடைத்தபோது இன்னொன்றையும் வாங்கி, வெளிச்சமும் வெப்பமும் படாமல் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.