காரைக்குடியில் ஓராண்டு இஎம்டி படிப்பு: செய்முறை நன்று, ‘லைசென்ஸ்’ பேச்சை நம்ப வேண்டாம்

காரைக்குடியில் ஒரு தனியார் மையம் நடத்தும் ஓராண்டு எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் படிப்பை, அதாவது ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் இஎம்டி (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) வேலைக்கான படிப்பைப் பற்றிய மதிப்புரை இது. தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு வந்து விசாரிக்கும் படிப்பு. மையத்தின் பெயரைப் போடவில்லை. இங்கே சொல்லும் குறை நிறைகளை வைத்து மதுரையிலோ திருச்சியிலோ இதே மாதிரி இருக்கும் மையத்தையும் எடைபோட்டுக்கொள்ளலாம். செய்முறை வகுப்புக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். மருத்துவமனை போஸ்டிங் (அங்கே நேரடியாக வேலை பழகும் பயிற்சி) சுமார். விளம்பர நோட்டீஸில் ‘அரசு லைசென்ஸுடன்’ என்று அச்சடித்திருப்பது மட்டும் மன்னிக்க முடியாதது.

முதலில் அந்த லைசென்ஸ் விஷயம். அமெரிக்காவில் இஎம்டி ஆக மாநில அரசு அங்கீகரித்த பயிற்சியை முடித்து, தேசியப் பதிவேட்டின் தேர்வை எழுதி, மாநிலத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். தேசியப் பதிவை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதே ஏற்பாடு இங்கேயும் இருப்பது போலப் பேசிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். இங்கே நடப்பு வேறு. 2021இல் வந்த தேசிய துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்ற தொழில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் துணைமருத்துவப் பணியாளர் என்று யாரைச் சொல்கிறது? 2 முதல் 4 ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் டிப்ளமோவோ பட்டமோ படித்தவரை. ஓராண்டுச் சான்றிதழ் அந்த அளவை எட்டவே எட்டாது. படிப்பு முடிவில் மையம் கையில் தருவது ஒரு சான்றிதழ். அதை லைசென்ஸ் என்று சொல்வது தவறு.

பதிவு, பதவி உயர்வு, வெளிநாடு என்று நீண்ட கணக்கில் யோசிப்பவர்கள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜியைப் பார்க்க வேண்டும். 3 ஆண்டு படிப்பு, அதன் பிறகு 1 ஆண்டு இன்டர்ன்ஷிப். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளை, அந்தக் கவுன்சலிங் முடிவு தெரியும் முன்னாலேயே தனியார் மையத்தில் முழுப் பணத்தையும் கட்டுவது வீண் அவசரம்.

இனி வகுப்புக்கு வருவோம். நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் சிபிஆர் என்றால் நெஞ்சு நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதை எல்லா இடத்திலும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வார்கள். இங்கே பயிற்றுநர் அதோடு விடுவதில்லை. அழுத்திய பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்புகிறதா என்று குனிந்து பார்க்கிறார். கை ஓய்ந்ததும் யாராக இருந்தாலும் பயிற்சிப் பொம்மையான டம்மியின் மேல் சாய ஆரம்பித்துவிடுவார்கள். நெஞ்சு முழுதாக விரியாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் பயன் குறைந்துபோகும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதை இவர்கள் கட்டாயமாக்கியிருப்பது இதற்காகத்தான். மாறும்போது விழும் இடைவெளி 10 விநாடியைத் தாண்டினால் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

கையால் பிழிந்து மூச்சு கொடுக்கும் பையான அம்பு பேக் வகுப்பும் அப்படியே. பெரியவர்களுக்கான பை ஏறக்குறைய 1.5 லிட்டர் கொள்ளும். ஒரு மூச்சுக்குத் தேவையானது 500 முதல் 600 மில்லிதான். பதற்றத்தில் இரண்டு கையாலும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். 1 விநாடி நேரம், நெஞ்சு லேசாக எழும்பும் வரை, அவ்வளவு போதும். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் இன்னொரு தப்பு மாஸ்க்கை முகத்தின் மேல் அமுக்குவது. மூன்று விரலால் தாடை எலும்பைப் பிடித்து முகத்தை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். கீழே அமுக்கினால் தாடை பின்னால் போய், நாக்கு மூச்சுப்பாதையை அடைத்துவிடும். இதைக் கை பிடித்துத் திருத்தும் பயிற்றுநர் இருப்பது பெரிய விஷயம்.

குறை என்னவென்றால் டம்மி பற்றாக்குறை. 24 பேர் இருக்கும் பேட்ச்சுக்கு 2 டம்மிதான். அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) வகுப்பில் ஒரு டம்மிக்கு 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே ஒருவருக்குக் கிடைக்கும் கைப்பழக்கம் அதில் நாலில் ஒரு பங்கு. அந்த பிஎல்எஸ் கார்டுக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தனியாக, அங்கீகாரம் பெற்ற மையத்தில் எடுக்க வேண்டும், 2 ஆண்டுதான் செல்லும். கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆக்சிஜன் பாடம் மிக அருமை. நம் ஊருக்கு இது உயிர்நாடி. காரைக்குடி அரசு மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்கு எழுதினால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி 40 கிலோமீட்டருக்கு மேல், மதுரை ராஜாஜி மருத்துவமனை 80க்கு மேல். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். பையோடு வரும் நான் ரீப்ரீதர் ஆக்சிஜன் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் 100 நிமிடம். மதுரைக்குள் நுழைந்து ட்ராஃபிக்கில் நிற்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிடும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் முள் பாதியில் நின்றால் பாதி நேரம்தான். டி டைப் என்றால் சுமார் 7,000 லிட்டர், கவலை இல்லை. ஆனால் அதன் சாவி வண்டியில் இருக்கிறதா, ரெகுலேட்டர் வாஷர் கசிகிறதா என்று ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும். மாஸ்க்கைப் போடும் முன் அதன் பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். சப்பிய பையோடு மாட்டினால் நோயாளிக்கு மூச்சு முட்டும். தேர்வில் இந்தக் கணக்கைப் போடாதவரை இந்த மையத்தில் பாஸ் போடுவதில்லை. சரியான கண்டிப்பு.

இவர்களிடம் இருக்கும் தனிச் சிறப்பு நோயாளியை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரும் பயிற்சி. பாடப்புத்தகத்தில் இருப்பது சக்கர ஸ்ட்ரெச்சர், அகலமான காரிடார், லிஃப்ட். செட்டிநாட்டு வீட்டில் ஆச்சி விழுந்து கிடப்பது வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள்ளோ அடுப்படியிலோ இருக்கும். அங்கிருந்து வளவைத் தாண்டி, பட்டாலை, முகப்பு, திண்ணைப் படி என்று தெருவுக்கு வர வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் உயர்ந்த நிலைப்படி, நடுவில் முற்றத்தின் பள்ளம், மழை பெய்தால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் தரை. சக்கரம் உருளவே உருளாது. அதனால் இந்த மையத்தில் சொல்லித்தரும் முதல் கேள்வி, “பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கும்?” என்பது. இந்த வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பைலட்டை (ஆம்புலன்ஸ் ஓட்டுநரை) வண்டியைப் பின்தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னால் தூக்கும் தூரம் பாதிக்கு மேல் குறையும். பூட்டிக் கிடக்கும் பின்கதவின் சாவியைத் தேட ஒரு ஆளை அப்போதே அனுப்பிவிட வேண்டும்.

இடுப்பு எலும்பு முறிந்தது போல இருந்தால் ஸ்கூப் ஸ்ட்ரெச்சரைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் செருகிப் பூட்டலாம், உடம்பை உருட்ட வேண்டாம். நெஞ்சு, இடுப்பு, முழங்காலுக்கு மேல் என்று மூன்று பெல்ட். படி இறங்கும்போது கால் பக்கம் முன்னால், தலை உயரத்தில். 108 வண்டியில் வருவது இஎம்டியும் பைலட்டும் மட்டும்தான். மற்ற இரண்டு பேர் அக்கம்பக்கத்தார். அவர்களிடம் “நான் மூன்று சொன்னதும் தூக்குங்கள், முழங்காலை மடக்குங்கள்” என்று சொல்லி வேலை வாங்கும் பழக்கத்தையும் இங்கே தருகிறார்கள். வேறு எந்த மையத்திலும் இதை ஒரு பாடமாக வைத்துப் பார்த்ததில்லை.

தை மாதத்துக்கு முன்னால் மாடு குத்திய காயத்துக்குத் தனி வகுப்பு. சிராவயல் மஞ்சுவிரட்டில் கட்டு மாடுகளைப் பொட்டலில் அவிழ்த்துவிடுவதால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் குத்துப்படுகிறார்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அதன் மேல் ஈரம் காயாமல் இன்னொரு உறை போட்டு, முழங்காலை மடக்கிப் படுக்கவைக்க வேண்டும். நெஞ்சில் குத்திக் காற்று இழுத்தால் காற்றுப் புகாத கட்டு. கட்டிய பிறகு மூச்சுத்திணறல் கூடினால் அந்தக் கட்டின் ஒரு ஓரத்தை உடனே தூக்கிவிட வேண்டும். கொம்பு போன வாய் சின்னதாக இருக்கும், உள்ளே போன ஆழம் தெரியாது. ஆகவே, தானாக எழுந்து நடக்கிறவரையும் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

பாம்புக்கடிக்கு ஒரே ஒரு மதியம் ஒதுக்கியிருக்கிறார்கள். கண்மாயும் கருவேலங்காடும் சூழ்ந்த இந்தப் பகுதிக்கு அது போதவே போதாது. கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்டு, மெட்டி கொலுசைக் கழற்று என்று சொல்லிக்கொடுப்பது சரி. ஆனால் கட்டுவிரியன் கடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இரவில் தரையில் படுத்தவரைக் கடிக்கும், பல் தடம் தெரியாது, வயிற்றுவலி என்று அழைப்பு வரும். இமை சரிய ஆரம்பித்தால் அடுத்தது மூச்சு. அம்பு பேக் அப்போதே கையில் இருக்க வேண்டும். ஊரில் இறுகக் கட்டிவிட்ட கயிற்றைப் படக்கென்று அவிழ்ப்பதும் ஆபத்து. தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்து டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மூச்சு கொடுக்கத் தயாராக இருந்துகொண்டு அவிழ்க்க வேண்டும். இந்தப் பகுதி பாடத்திட்டத்தில் இல்லவே இல்லை.

மருத்துவமனை போஸ்டிங்கில்தான் பணம் வீணாகிறது. ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் மாதக்கணக்கில் பிபி பார்க்கவும் பெட்ஷீட் மாற்றவும் விடுகிறார்கள். கேஷுவால்டி நேரம் குறைவு, ஓடும் ஆம்புலன்ஸில் ஏறும் நேரம் அதைவிடக் குறைவு. நின்றபடி பிபி எடுப்பது வேறு, திருச்சி–இராமேசுவரம் சாலையில் வண்டி ஆடும்போது ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காமல் நாடியைத் தொட்டு மேல் அளவை மட்டும் பிடிப்பது வேறு. லாக் புக்கில் கேஷுவால்டி, ஆம்புலன்ஸ், பிரசவ அறை என்று தனித்தனியாக மணி நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ‘கிளினிக்கல்’ என்று மொத்தமாக எழுதும் லாக் புக் எங்கேயும் செல்லாது.

வேலை? 108க்குப் போகலாம் என்பதுதான் பெரும்பாலோர் கணக்கு. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய இந்தச் சேவையை இஎம்ஆர்ஐ கிரீன் ஹெல்த் சர்வீசஸ் நடத்துகிறது. மருத்துவ உதவியாளர் பணிக்கு வரும் விளம்பரங்களில் வழக்கமாகக் கேட்பது பி.எஸ்சி. நர்சிங், ஜிஎன்எம், ஏஎன்எம் போன்ற நர்சிங் படிப்புகள், டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, இல்லாவிட்டால் விலங்கியல், தாவரவியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி போன்ற உயிர் அறிவியல் பட்டம். வயது 19 முதல் 30. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் கேட்கும் நேர்காணல், பிறகு மனிதவளத் துறை நேர்காணல். தேர்வானவர்களுக்குச் சுமார் 50 நாள் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் பயிற்சியை அவர்களே தருகிறார்கள். இரவு பகல் மாறிவரும் 12 மணி நேர ஷிஃப்ட். ஏற்கெனவே உயிர் அறிவியல் பட்டம் வைத்திருக்கும் காரைக்குடிப் பிள்ளை இந்த ஓராண்டுப் படிப்பில் சேரத் தேவையே இல்லை, நேராக அங்கே போகலாம். பிளஸ் டூவோடு ஓராண்டுச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் தகுதிப் பட்டியலில் தன் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் தனியார் மருத்துவமனைக் கேஷுவால்டியும் தனியார் ஆம்புலன்ஸும்தான்.

வளைகுடா ஆசை இருப்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. சவுதியோ துபாயோ, உங்கள் சான்றிதழை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் அதைக் கொடுத்த இடத்திலேயே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும். அனுபவச் சான்றிதழையும் அப்படியே. பல்கலைக்கழகமோ அரசு வாரியமோ பின்னால் இல்லாத மையம் என்றால் அந்தக் கதவு அங்கேயே அடைபடும். அட்மிஷன் போடும்போது “சான்றிதழில் யார் கையெழுத்து, எந்த முத்திரை?” என்று கேட்டுப் பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். கடைசித் தவணையை ஆம்புலன்ஸ் போஸ்டிங் முடிந்த பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள், பேசினால் ஒத்துக்கொள்கிறார்கள். மார்க் ஷீட், டிசி ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தரச் சொல்லுங்கள். படிப்பு முடியும் வரை பீரோவில் வைத்திருப்போம் என்பதை ஏற்க வேண்டாம். நடுவில் 108 நேர்காணல் வந்தால் ஒரிஜினல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.