அப்பாவின் டிரான்சிஸ்டரும் கோடியக்கரை பஸ்ஸும்

எழுபதுகளின் கடைசியில் அப்பா வாங்கிய இரண்டு பேண்ட் டிரான்சிஸ்டர் இன்னும் என்னிடம் பாடிக்கொண்டிருக்கிறது. மத்திய அலை, சிற்றலை இரண்டும் உண்டு, எஃப்.எம். கிடையாது. டார்ச்சுக்குப் போடுகிற பெரிய செல் நான்கு வேண்டும். தோலுறை, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார். இத்தனை காலம் கேட்டதில் எனக்குத் தெரிந்தது, இது வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற சாமான் இல்லை.

திருத்துறைப்பூண்டி வீட்டில் டியூப் லைட்டைப் போட்டாலே ஒரே இரைச்சல். அதனால் அப்பா எங்களை எங்கே கூட்டிப்போவது என்பதையே ரேடியோதான் முடிவு செய்தது. மாலையில் வாய்க்கால் மதகு. லீவு நாளில் பஸ் ஏறி வேதாரண்யம், சில சமயம் கோடியக்கரை. அம்மா புளிச்சோறு கட்டித் தருவாள். மான் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் பெயர். வெளிமானும் பார்த்தோம்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

கோடியக்கரையில் இது எடுக்கிற அழகே தனி. மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் போகும். காய்ந்த மண்ணில் சீக்கிரம் தேய்ந்துவிடும்; உப்புத்தண்ணீர் மேல் வெகுதூரம் வரும். எதிரே பாக் நீரிணை, அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். உச்சி வெயிலிலும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு பக்கத்துத் தெருவில் குழாய் கட்டியதுபோலக் கேட்கும். அதன் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் பேசினால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட விடமாட்டார் அப்பா. அந்த உச்சரிப்பை எங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்.

ரேடியோவைத் திருப்பி வைத்தால் சத்தம் கூடும், குறையும். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்பு ஃபெரைட் குச்சி இருக்கிறது. மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். குச்சியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் நன்றாக எடுக்கும். முனை பார்த்தால் அமுங்கிவிடும். இதை வைத்து அப்பா ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார். திருச்சியை 936 கிலோஹெர்ட்ஸில் பிடித்து, சத்தம் அமுங்கும்வரை ரேடியோவைச் சுற்ற வேண்டும். குச்சி நீண்டிருக்கிற கோட்டில்தான் திருச்சி. எந்தப் பக்கம் என்று மட்டும் ரேடியோ சொல்லாது. அதற்குச் சூரியனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் திசை படிப்பதற்கு முன்பே எனக்கு மேற்கு தெரிந்தது இப்படித்தான்.

இழுத்து நீட்டுகிற கம்பி சிற்றலைக்கு மட்டும். இது தெரியாமல் மத்திய அலைக்கும் கம்பியை நீட்டி அடுத்தவர் கண்ணைக் குத்தப் பார்ப்பவர்கள் அப்போது பஸ்ஸுக்கு ஒருவராவது இருப்பார்கள். தகரக் கூண்டு அலையை மறிக்கும் என்பதால் பஸ்ஸுக்குள் எப்படியும் சரியாக எடுக்காது. ஜன்னலோரம் பிடித்தால் கொஞ்சம் தேறும். பிடிக்கிற வேலை எனக்கு. "கொஞ்சம் திருப்புடா... போதும், போதும்!" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். கை கடுக்கும்.

திரும்பும்போது இருட்டிவிடும். பகலில் மத்திய அலையை உறிஞ்சுகிற மேல்வான அடுக்கு ராத்திரியில் மறைந்துவிடுவதால், எங்கெங்கோ இருக்கிற நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அப்பா அப்போது சிற்றலைக்கு மாறி பிபிசி தமிழோசையைத் தேடுவார். 2017இல் அந்த ஒலிபரப்பு நின்றபோது எனக்குச் சிற்றலையின் முக்கால்வாசி உபயோகம் போனது.

குறைகள் உண்டு. செல் போட்டால் கனம் அதிகம். முள்ளை நகர்த்துகிற நூல் அறுந்தால் மாட்டுவதற்குக் கை தேர்ந்த மெக்கானிக் வேண்டும். சத்தம் கூட்டுகிற குமிழ் தூசி சேர்ந்து கரகரக்கும். செல் தீர்ந்தால் கைப்பிடிச் சுவரில் வெயிலில் காயவைத்து இன்னும் ஒருநாள் ஓட்டுவார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஒருமுறை ஒழுகி ஸ்பிரிங்கையே தின்றுவிட்டது. தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டுகிற ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் தோலுறைக்குள் பயணம் செய்தது. எண்பதுகளில் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இப்போது எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் சேர்ந்து வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். பழைய ரேடியோ வாங்க நினைப்பவர்கள் கடைக்காரர் மேஜையில் வைத்துப் போட்டுக் காட்டுவதை நம்ப வேண்டாம். செல் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் தெருவுக்கு எடுத்து வந்து, கம்பியை நீட்டாமல், ஒரு சுற்று சுற்றிக் கேளுங்கள்.