ஊருக்கு 40 டோஸ்தான்: பெரியவர்களுக்கா, ஊர் சுற்றுபவர்களுக்கா?

2021 மே, ஜூனில் கொரோனா தடுப்பூசித் தட்டுப்பாடு இருந்ததே, அந்த நிலைமையை வைத்துப் பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்கு குப்பி கோவிஷீல்டு, அதாவது 40 டோஸ் வருகிறது. யாருக்கு முதலில்?

வயதை வைத்துக் கொடுத்தால் சண்டை குறைவு, ஆதாரைப் பார்த்தால் போதும். கொரோனாவில் சாகும் ஆபத்து வயதோடு ஏறுவதால், ஒரு டோஸுக்குப் பிழைக்கும் உயிர் இந்த வழியில்தான் அதிகம். இந்தியாவும் சுகாதார, முன்களப் பணியாளர்களுக்கு அடுத்து, 2021 மார்ச் 1-இல் 60 வயதைத் தாண்டியவர்களையும் இணைநோய் உள்ள 45 முதல் 59 வயதுக்காரர்களையும்தான் எடுத்தது. ஆனால் நடக்க முடியாத பாட்டி வரிசைக்கு வர மாட்டார், செவிலியர்தான் வீட்டுக்குப் போக வேண்டும், குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்தில் பத்து டோஸையும் போட்டாக வேண்டும், தோட்டத்து வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் இது லேசான வேலை இல்லை.

இன்னொரு வழி, தினமும் பல பேரைச் சந்திக்கும் ரேஷன் கடைக்காரர், பால்காரர், மினி பஸ் கண்டக்டருக்கு முதலில் போடுவது. பரவலை இவர்களிடமே நிறுத்தலாம் என்பது கணக்கு. இந்தோனேசியா 18 முதல் 59 வயதுக்காரர்களோடுதான் தொடங்கியது. ஆனால் டெல்டா வகை கொரோனா வந்தபின் ஊசி பரவலைத் தடுக்கும் அளவு குறைந்தது. பட்டியலை யார் போடுவது என்பது வேறு தலைவலி, தலைவரின் மச்சானும் திடீரென்று பால்காரராகிவிடுவார்!

என் ஓட்டு வயதுக்குத்தான். திறந்த குப்பியில் மிச்சமிருந்தால் ரேஷன் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.