ஸ்டான்டன், ஓசூனா, யெலிச்: யாரை வாங்கியிருக்க வேண்டும்?

பேஸ்பால் ரசிகர்கள் டிரேட் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) பற்றி வாதம் செய்யத் தொடங்கினால், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள்: "இந்த வருடம் அடித்தான், சரி. அடுத்த வருடமும் அடிப்பானா?" இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க 2017-18 குளிர்காலத்தைவிட வசதியான ஒரு குளிர்காலம் எனக்குத் தெரிந்து இல்லை.

மயாமி மார்லின்ஸ் அணியை ஜெஃப்ரி லோரியாவிடமிருந்து 120 கோடி டாலருக்கு வாங்கிய புரூஸ் ஷெர்மனும் டெரெக் ஜீட்டரும் முதல் வேலையாகச் சம்பளச் செலவில் கை வைத்தார்கள். அவுட்ஃபீல்டில் (மைதானத்தின் வெளிப்பகுதியில்) இடது பக்கம் மார்செல் ஓசூனா, நடுவில் கிறிஸ்டியன் யெலிச், வலது பக்கம் ஜியான்கார்லோ ஸ்டான்டன். மூவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் மூவரும் மூன்று ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்: ஸ்டான்டன் நியூயார்க் யாங்கீஸுக்கு, ஓசூனா செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு, யெலிச் மில்வாக்கி ப்ரூவர்ஸுக்கு. ஜீட்டர் யாங்கீஸின் பழைய கேப்டன் என்பதால் முதல் டிரேடைப் பார்த்து மயாமி ரசிகர்கள் பல்லைக் கடித்ததில் வியப்பில்லை.

அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால் ஓசூனாவைத்தான் சொல்லியிருப்பேன். 2017இல் அவர் அடித்தது 37 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி), 124 ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன்), சராசரி .312. (கிரிக்கெட் சராசரி பழகியவர்களுக்கு: பேஸ்பாலில் .300 என்றால் பத்து முறைக்கு மூன்று முறை அடித்துத் தளம் சேர்ந்தார் என்று பொருள். ஏழு முறை தோற்பவர்தான் இங்கே நட்சத்திரம்.) ஃபீல்டிங்குக்கு கோல்ட் குளோவ் விருதும் அதே வருடம். ஸ்டான்டனோ 59 ஹோம் ரன், 132 ஆர்.பி.ஐ., தேசிய லீகின் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்); ஆனால் அவரோடு மலைபோல ஒரு ஒப்பந்தமும் சேர்ந்து வரும். யெலிச்? 18 ஹோம் ரன், சராசரி .282. நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

தவறான பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிவிவரப் பட்டியலில் உச்சத்தைக் காட்டும் எண் ஒன்று, ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் எண் இன்னொன்று.

ஸ்டான்டனின் விஷயத்தில் திரும்பத் திரும்ப வருவது ஹோம் ரன் அல்ல, ஆடாத நாட்கள். ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். 2012இல் அவர் ஆடியது 123, 2013இல் 116, 2015இல் வெறும் 74, 2016இல் 119. 2014இன் 145உம் 2017இன் 159உம்தான் விதிவிலக்கு. நிற்கும் நிலையை மாற்றி, முன்தோளை மூடிக்கொண்டு பந்தை எதிர்கொள்ளத் தொடங்கியபின் 2017 ஆகஸ்டில் மட்டும் 18 ஹோம் ரன் வந்தது. அந்த ஒரு மாதத்தைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் 2014இல் கையெழுத்தான 13 ஆண்டு, 32.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இன்னும் 29.5 கோடி பாக்கி. மயாமி தன் பங்காக ஏற்க ஒப்புக்கொண்டது 3 கோடி.

யாங்கீஸுக்காக முதல் ஆட்டம் டொரன்டோவில். இரண்டு ஹோம் ரன். ஊரே கொண்டாடியது. சில நாட்களில் சொந்த மைதானத்துக்கு வந்தார். ஐந்து முறை களமிறங்கி ஐந்து முறையும் ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட்). அரங்கமே "பூ" என்று கூச்சலிட்டது. அதே வாரம் ஓரியோல்ஸுக்கு எதிராக மறுபடியும் ஐந்து ஸ்ட்ரைக் அவுட். ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை இப்படி! அந்த சீசன் முடிவில் 38 ஹோம் ரன், 100 ஆர்.பி.ஐ., கூடவே 211 ஸ்ட்ரைக் அவுட். மோசம் என்று சொல்ல முடியாது. அதன்பிறகு உடம்பு பழைய கணக்கைக் கேட்டது: 2019இல் 18 ஆட்டம், 2020இல் 23. 2023இல் சராசரி .191. ஆனாலும் 2024 அக்டோபரில் இவரே ஏழு ஹோம் ரன் அடித்து, அமெரிக்க லீக் இறுதித் தொடரின் எம்.வி.பி. ஆகி, யாங்கீஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஸ்டான்டனை முழுதாகத் திட்டவும் முடியாது, முழுதாகப் புகழவும் முடியாது. யாங்கீஸ் ரசிகர்களைக் கேட்டால் நாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.

கார்டினல்ஸ் முதலில் விரும்பியதும் ஸ்டான்டனைத்தான். டிரேடைத் தடுக்கும் உரிமை அவர் ஒப்பந்தத்திலேயே இருந்தது. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மறுப்பு வந்த சில நாட்களிலேயே கார்டினல்ஸ் ஓசூனா பக்கம் திரும்பியது. ஆனால் ஓசூனாவின் பழைய வருடங்களைப் புரட்டினால் 2015இல் .259, 10 ஹோம் ரன். இடையில் கீழ்நிலையான மைனர் லீகுக்குக்கூட அனுப்பப்பட்டார். 2016இல் .266, 23 ஹோம் ரன். 2017இன் .312 அந்த வரிசையில் ஒட்டவே இல்லை. செயின்ட் லூயிஸில் என்ன நடந்தது? 2018இல் 23 ஹோம் ரன், சராசரி .280, 2019இல் 29 ஹோம் ரன், சராசரி .241. தோள் வலியால் எறிதல் தளர்ந்து அறுவை சிகிச்சை வரை போனது. 2019 ஏப்ரலில் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஒரு பந்து உயரப் பறந்தது. ஓசூனா ஓடிப்போய்ச் சுவரில் ஏறி, மேல் விளிம்பில் கையை நீட்டிக் காத்திருந்தார். பந்து சுவருக்கு வரவேயில்லை. அவர் காலுக்குக் கீழே தரையில் விழுந்தது. இறங்கிப் பிடிக்கப் பாய்ந்தவர் குப்புற விழுந்தார். கோல்ட் குளோவ் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு அட்லாண்டா போய் 2023இல் 40, 2024இல் 39 ஹோம் ரன் அடித்தார். ஆனால் டிரேடில் கொடுத்துப் பெற்ற கார்டினல்ஸுக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

இனி யெலிச். மயாமியில் அவருடைய முழு சீசன்கள் நான்கு. ஹோம் ரன் 9, 7, 21, 18 என்று ஏறி இறங்குகிறது. பக்கத்தில் இருக்கும் ஆன்-பேஸ் விகிதத்தைப் பாருங்கள். அடித்தோ, வாக் (நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டால் கிடைக்கும் இலவசத் தளம்) வாங்கியோ, எப்படியாவது தளம் சேர்ந்த விகிதம் அது: .362, .366, .376, .369. நான்கு வருடமும் அசையவே இல்லை! கெட்ட பந்தை விட்டுவிடும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் சீசனுக்குச் சீசன் மாறவில்லை. குறை ஒன்றுதான். அடித்த பந்துகளில் பாதிக்கு மேல் தரையோடு உருண்டன. அவை மேலே எழும்பினால் என்ன ஆகும் என்பதுதான் மில்வாக்கி போட்ட பந்தயம். விலையும் மலிவு: 2015இல் போட்ட ஏழு ஆண்டு ஒப்பந்தம், மொத்தமே 5 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு.

2018இன் முதல் பாதியில் .292, 11 ஹோம் ரன். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் பிறகு .367, 25 ஹோம் ரன். ஒரே ஆட்டத்தில் சிங்கிள், டபுள், டிரிபிள் (ஒன்று, இரண்டு, மூன்று தளம் சேர்க்கும் அடிகள்), ஹோம் ரன் நான்கும் அடிப்பதை சைக்கிள் என்பார்கள். மூன்று வாரத்துக்குள் இரண்டு சைக்கிள், இரண்டும் சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிராக. ரெட்ஸ் பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) நினைத்தால் பாவமாக இருக்கிறது. சராசரி .326, எம்.வி.பி. மறு வருடம் .329, 44 ஹோம் ரன், 30 ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காதபோதே ஓடிச் சேர்ந்த தளம்). அந்த செப்டம்பரில், அதுவும் மயாமி மைதானத்திலேயே, தான் அடித்த பந்து தன் முழங்காலில் பட்டு எலும்பு முறிந்தது.

சரிவு அதன்பிறகு வந்தது. 2020இல் சராசரி .205. 2021இல் 117 ஆட்டத்தில் 9 ஹோம் ரன். "ஒரு வருட அதிசயம்" என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் ஆன்-பேஸ் விகிதம் 2020இல் .356, 2021இல் .362, 2022இல் .355, 2023இல் .370. மயாமியில் இருந்த அதே எண்! ஹோம் ரன்தான் ஊசலாடியது, ஆட்டக்காரர் அல்ல. ஆகவே 2017 குளிர்காலத்துக்குத் திரும்பினால் என் வாக்கு யெலிச்சுக்கு. ஆனால் 2020 மார்ச்சில் ப்ரூவர்ஸ் போட்ட ஒன்பது ஆண்டு, 21.5 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு என் வாக்கு கிடையாது. .360க்கு நல்ல விலை கொடுக்கலாம். அவர்கள் கொடுத்தது 44 ஹோம் ரனுக்கான விலை. 2025இல் 29 ஹோம் ரன், 103 ஆர்.பி.ஐ. என்று திரும்பி வந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது.

மயாமிக்குக் கிடைத்தது என்ன? இங்கேதான் வரிசை தலைகீழாகிறது. மிகச் சிறந்த டிரேடாக எல்லோரும் பேசியது யெலிச்சுக்காக வந்த நால்வரை. முன்னணியில் ஃப்ளோரிடா பையன் லூயிஸ் பிரின்சன். 2018இல் .199 அடித்தார். 2019இல் 75 ஆட்டம், .173, ஒரு ஹோம் ரன்கூட இல்லை. ஸ்டான்டனுக்காக வந்தவர்களில் ஸ்டார்லின் காஸ்ட்ரோ இரண்டு வருடம் ஆடிவிட்டுக் கிளம்பினார். மூவரில், அணி தன்னிடம் வைத்துக்கொள்ள இரண்டே வருடம் மிச்சமிருந்த ஓசூனாவுக்காக வந்தவர்கள்தான் மணிகள்: பிட்சர்கள் சாண்டி அல்காண்டரா, ஸாக் கேலன். கேலனை 2019இல் அரிசோனாவுக்கு அனுப்பி ஜாஸ் சிஷோமை வாங்கினார்கள். அல்காண்டராவை வைத்துக்கொண்டார்கள். 2022இல் அவர் 228 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, 2.28 இ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது), சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்கினார்.

முழங்கை அறுவை சிகிச்சையால் 2024 முழுவதும் அவர் வீசவில்லை. 2025இல் திரும்பியபோது இ.ஆர்.ஏ. 5க்கு மேல். அந்த ஜூலையில் ரசிகர்கள் மறுபடியும் அதே வாதத்தில் இறங்கினார்கள், இம்முறை பெயர் அல்காண்டரா: இப்போதே விற்றுவிடலாமா, இல்லை பழைய வீச்சு திரும்பும் வரை காத்திருக்கலாமா?