செவலைக்கு இனி என்ன தீனி? பாளையங்கோட்டையில் விசாரித்த கதை

இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் முடிக்க வேண்டிய வேலைகள் எப்போதும் வரிசையாக நிற்கும். வங்கியில் கேஒய்சி, அம்மாவுக்குக் கண் பரிசோதனை, வீட்டு வரி, மூச்சு விட்டுப்போன இன்வெர்ட்டர். இந்தத் தடவை நான் விமானம் ஏறும் முன்பே அம்மா போனில் இன்னொன்றையும் சேர்த்துவிட்டார். "செவல குட்டித் தீனியத் தொடவே மாட்டேங்கான். பெரிய நாய்க்குப் போடுத தீனியா பாத்து வாங்கிக் குடுத்துட்டுப் போ."

செவலை, கோவில்பட்டிப் பக்கமிருந்து தம்பி கொண்டுவந்த சிப்பிப்பாறை வகை வேட்டை நாய். ஆண், பதினோரு மாதம். நிறமே பெயராகிவிட்டது. தம்பிக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட, நாய் பாளையங்கோட்டையில் அம்மாவோடு தங்கிவிட்டது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், சாட்டை மாதிரி வால். தெருவில் போகிறவர்கள் எல்லாம் "நாய்க்கு ஒழுங்கா சோறு போடுதியளா இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

முன்பெல்லாம் நாய்த் தீனி என்றால் மருந்துக் கடையில் மூலையில் தொங்கும் சின்னப் பாக்கெட்தான். இப்போது பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் தனிக் கடைகள் வந்துவிட்டன. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கப் பைகள். பெடிகிரி, ட்ரூல்ஸ், ராயல் கேனின், ஃபார்மினா எல்லாம் இருக்கின்றன. கிலோ இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் தொடங்கி எண்ணூறைத் தாண்டியும் போகிறது. சரக்குக்குக் குறையே இல்லை.

முதல் கடையில் இருந்த பையன் மரியாதையானவன். போனில் செவலையின் படத்தைப் பார்த்தான். "நல்ல ஒசரம்லா அண்ணாச்சி, லார்ஜ் பிரீட் அடல்ட் போட்டிருங்க" என்றான், பெரிய வகை வளர்ந்த நாய்களுக்கான தீனி. அப்புறம் "கிரெய்ன் ஃப்ரீ போட்டா இன்னும் நல்லது" என்று, தானியம் சேர்க்காத, அதைவிட விலை கூடிய பையைக் காட்டினான். அதற்குள் மேஜை மேல் ஒரு கால்சியம் டானிக்கும் வந்துவிட்டது, எலும்பு பலத்துக்காம். நாயின் எடை என்ன, வீட்டில் வேறு என்ன தின்கிறது என்று அவன் கேட்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. விற்கத்தான் அவனை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கடையில் சாக்கைப் பிரித்து வாசலிலேயே வைத்து லூஸில் நிறுத்துக் கொடுத்தார்கள். விலை குறைவு, கூட்டமும் இருந்தது. ஒரு கை அள்ளி முகர்ந்தேன், பழைய எண்ணெயின் சிக்கு வாடை. உலர் தீனியின் மேல் கொழுப்பைத் தெளித்துத்தான் முடிக்கிறார்கள். காற்றும் நம்மூர் வெயிலும் பட்டால் அந்தக் கொழுப்பு கெட்டுப்போகும், ஈரம் பிடித்தால் பூஞ்சையும் வரும். பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நாயின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. என்றைக்குத் தயாரித்தது, எதுவரை நல்லது என்று கேட்டால் "நேத்துதான் சாக்கு வந்துச்சு" என்பதுதான் பதில். சாக்கு நேற்று வந்திருக்கலாம், தீனி எப்போது செய்ததோ? லூஸ் தீனி வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

ஆன்லைனிலும் ஒரு பை போட்டுப் பார்த்தேன். சொன்ன நாளுக்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்டது, அதில் நம்மூர் இங்கிலாந்தையே மிஞ்சிவிட்டது. ஆனால் பத்துக் கிலோ பையில் காலாவதிக்கு இரண்டு மாதம்கூட மீதியில்லை. வாங்கும் பக்கத்தில் அந்தத் தேதியை எங்கேயும் போடவில்லை. திருப்பிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் சாட் செய்ய வேண்டியிருந்தது. அம்மா தனியாக இருந்திருந்தால் "போகுது விடு" என்று அந்தப் பையையேதான் போட்டிருப்பார்.

கடைசியில் ராமையன்பட்டிக்குப் போனோம். 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. நாயைப் பார்த்ததும் இரண்டு ஆட்டோ கைவிரித்துவிட்டது. மூன்றாவது ஆட்டோக்காரர் சீட்டில் சாக்கு விரித்து, "ஏறுல மருமவனே" என்று செவலையையே அழைத்தார். மருத்துவமனையில் ஆடு, கன்று, லாப்ரடார் எல்லாம் அதனதன் ஆட்களோடு காத்திருந்தன. முதலில் மாணவர்கள் பார்த்தார்கள். எடை பதினேழு கிலோ. பல், காது, உண்ணி எல்லாம் பார்த்து, தடுப்பூசி அட்டையையும் குடல்புழு மருந்துக் கணக்கையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு டாக்டரம்மா வந்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வியைத்தான் இத்தனை கடைகளில் ஒருவரும் கேட்கவில்லை. "காலைல எந்திரிச்சதுல இருந்து இவனுக்கு என்னென்ன குடுக்கீங்கம்மா?"

அம்மா தயங்காமல் சொன்னார். காலையில் இரண்டு இட்லி. பத்து மணிக்கு ஒரு அவித்த முட்டை. சாயங்காலம் ஒரு டம்ளர் பால், நாலு மாரி பிஸ்கட். ராத்திரி தட்டு கழுவும் முன் கொஞ்சம் தயிர்ச் சோறு. "அதுபோக தீனி வைப்பேன், அதத்தான் திங்க மாட்டேங்கான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு தாளில் எழுதினார். நாய் சும்மா படுத்திருக்கவே எவ்வளவு கலோரி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி எழுபதால் பெருக்க வேண்டும். பதினேழு கிலோவுக்கு அது ஏறக்குறைய 590. குடும்பக் கட்டுப்பாடு செய்யாத, ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு அதைப் போல் 1.8 மடங்கு, சுமார் 1,050. பக்கத்திலேயே அம்மாவின் பட்டியல்: இட்லிக்கு நூறு சொச்சம், முட்டைக்கு எழுபத்தைந்து, பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் இருநூறுக்கு மேல், தயிர்ச் சோற்றுக்கு நூற்றைம்பது. கூட்டினால் ஐந்நூறைத் தாண்டிவிட்டது. "பாதி வயிறு உங்க கையாலயே நெறைஞ்சிருதும்மா. அப்புறம் அவன் எப்படித் தீனி தின்பான்?"

ஆக, செவலை தீனியைத் தொடாததற்கான காரணமே வேறு. கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் இன்னும் ருசியான, இன்னும் விலை கூடிய பையைக் காட்டிக்கொண்டிருந்தது, அங்கு இல்லாத ஒரு நோய்க்கு மருந்து சொன்ன கதைதான்.

தீனியை மாற்றும் பருவமும் வந்துகொண்டுதான் இருந்தது. குட்டித் தீனியில் கலோரியும் கால்சியமும் பாஸ்பரசும் கூடுதலாக இருக்கும். வளர்ச்சி முடிந்த பிறகும் அதையே போட்டால் சதைதான் போடும். எப்போது மாற்றுவது என்பது நாயின் வளர்ந்த எடையைப் பொறுத்தது. சின்ன நாய்களுக்கு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டுக்குள், நடுத்தர நாய்களுக்குப் பன்னிரண்டு வாக்கில், பெரிய நாய்களுக்குப் பதினைந்து, பதினெட்டு மாதம் வரைகூடப் போகும். "சிப்பிப்பாறைக்கு ஒசரம் உண்டு, எடை கிடையாது. அதனால இவன் மீடியம்தான்" என்று லார்ஜ் பிரீட் யோசனையை டாக்டரம்மா அங்கேயே முடித்துவிட்டார். கால்சியம் டானிக் பேச்சை எடுத்ததும் கையை ஆட்டினார். முழுமையான தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. வளரும் நாய்க்கு, அதுவும் பெரிய வகைகளுக்கு, மேலும் மேலும் ஊற்றினால் எலும்பு வளர்ச்சியே கோணிப்போகும். கிரெய்ன் ஃப்ரீ பற்றிக் கேட்டேன். "இவன் பாட்டன் பூட்டனெல்லாம் கம்பங்கூழு குடிச்சுட்டு முயல் பிடிச்சவங்க சார், தானியம் இவனுக்கு என்ன செய்யும்?" ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் அதிகம் என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. தானியமில்லாத சில தீனிகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியதும் நினைவுக்கு வந்தது. முடிவான விடை வரவில்லை என்றாலும், கூடுதல் காசு கொடுத்து அந்தச் சந்தேகத்தை வாங்க எனக்கு மனமில்லை.

பிறகு டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்தார். முஷ்டியை மடக்கச் சொல்லி, விரல் முட்டிகளைத் தடவச் சொன்னார். "விலா இப்படித் தட்டுப்பட்டா நாய் மெலிவு." கையை விரித்துப் புறங்கையைத் தடவச் சொன்னார். "இப்படி இருந்தா சரி." உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. அம்மா செவலையின் விலாவைத் தடவினார், தன் புறங்கையைத் தடவினார், திரும்பவும் விலா. ஓட்ட நாய்களுக்குக் கடைசி விலா ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரிவது இயல்புதான் என்று டாக்டரம்மா சொன்னதும், தெருக்காரர்களுக்குச் சொல்ல அம்மாவுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. அன்றைக்கு வீடு திரும்பும் முன்பே ஆட்டோக்காரரிடம் அதைச் சொல்லியாயிற்று.

எந்தக் கம்பெனி என்று டாக்டரம்மா எழுதித் தரவில்லை. பையின் பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார். வளர்ந்த நாய்க்கு முழுமையான, சமச்சீரான உணவு என்ற வாசகம் இருக்க வேண்டும். நூறு கிராமுக்கோ கிலோவுக்கோ எத்தனை கலோரி என்று போட்டிருந்தால் நல்லது. அமெரிக்க அளவுகோலின்படி, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், கொழுப்பு 5.5. குட்டிக்கு 22.5, 8.5. கடையில் நான் பார்த்த உலர் தீனிகளில் மலிவானதே இருபதுக்குக் குறையவில்லை. ஆகவே புரதச் சண்டையில் பொருளில்லை. கிரேவிப் பாக்கெட்டில் எட்டு சதவீதம் என்று பார்த்து அம்மா முகம் சுளித்தார். அதில் எண்பது சதவீதம் தண்ணீர், அதைக் கழித்தால் புரதம் நாற்பது. அது தரமா தரமில்லையா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பையில் இருக்கும் அளவு அட்டவணை, நாய் அந்தத் தீனியைத் தவிர வேறெதையும் தின்னவில்லை என்று வைத்துப் போட்டது. நம் வீடுகளில் அது நடக்கிற காரியமா? டாக்டரம்மாவும் அப்படி எதிர்பார்க்கவில்லை. தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்றார். அதாவது இட்லி அல்லது முட்டை, ஒன்று. சாம்பார் படக் கூடாது, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். பால் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கலக்கும். அம்மா முட்டையையும் இட்லியையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுவதாக ஒத்துக்கொண்டார். பிஸ்கட் விஷயத்தில் மட்டும் பதில் சொல்லவே இல்லை.

திரும்பி வந்து நடுத்தர விலையில் ஒரு மீடியம் அடல்ட் பை வாங்கினோம், மூன்று கிலோ மட்டும். பெரிய பை கிலோவுக்கு மலிவுதான். ஆனால் பதினேழு கிலோ நாய்க்குப் பத்துக் கிலோ பை ஒரு மாதத்துக்கு மேல் வரும், திறந்த தீனியை நம்மூரில் அவ்வளவு நாள் வைத்திருக்க எனக்கு இஷ்டமில்லை. பையோடு அப்படியே அரிசி டின்னுக்குள் இறக்கி மூடி வைத்தோம். அளக்க அம்மா ஆழாக்கைத்தான் எடுத்தார். தலை தட்டாமல் ஒரு ஆழாக்கு, தராசில் எழுபது கிராம். நூறு கிராமுக்கு 355 கலோரி என்று பையில் போட்டிருந்தது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றால் கணக்குச் சரியாக வந்துவிட்டது.

மாற்றுவதற்கும் அந்த நாலு ஆழாக்கே வசதி. முதலில் நாலில் ஒன்று புதுசு, ரெண்டு மூன்று நாள் கழித்து இரண்டு, பிறகு மூன்று. பாதிக்குப் பாதி வந்தபோது வயிற்றுப்போக்கு. தீனி சேரவில்லையோ என்று பார்த்தால், பக்கத்து வீட்டு அத்தை மதில் மேல் கிண்ணம் வைத்துப் பால் ஊற்றியிருக்கிறார். "எலும்பும் தோலுமா நிக்கான், பாவம்" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து முஷ்டியை மடக்கச் சொன்னார். அதே பாதி அளவிலேயே இன்னும் சில நாள் நிறுத்தி, வயிறு கட்டியபின் மேலே போனோம். இப்போது தட்டில் மீதி வைப்பதில்லை.

நான் இருக்கும் இங்கிலாந்தில் இது முழு உணவா, துணை உணவா என்பதைப் பையில் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம், வாங்குகிறவருக்கு அது பெரிய உதவி. அதற்காக அங்கிருந்து பை தூக்கி வர நினைக்காதீர்கள். இறைச்சி சேர்ந்த தீனியை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். ஊரிலேயே நல்ல தீனி கிடைக்கிறது. ஆனால் லண்டனில் ஐந்து நிமிடம் கேள்வி கேட்க நான் கொடுக்கும் கட்டணத்தை நினைத்தால், ராமையன்பட்டியில் சொற்பக் கட்டணத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்தால் நேரம் ஆகும். தடுப்பூசி அட்டை, இப்போது போடும் தீனிப் பையின் பின்பக்கப் படம், வீட்டில் யார் யார் என்னென்ன கொடுக்கிறார்கள் என்ற உண்மையான பட்டியல், இவை போதும். அக்கம்பக்கத்தையும் பட்டியலில் சேருங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்வதாக இருந்தால் அதன்பின் கலோரித் தேவை குறையும், அளவைத் திரும்பப் போட வேண்டியிருக்கும், அப்போது மறுபடி எடை பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்குப் போன் செய்யும்போதே நாய் வருகிறது என்று சொல்லிவிடுங்கள், சீட்டுக்கு ஒரு சாக்கும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.