சிட்டகாங் கப்பல் உடைப்பு: சல்காடோவா, பர்ட்டின்ஸ்கியா?

வங்காளதேசத்தின் சிட்டகாங் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியாவோ சல்காடோ 1989-இல் அங்கே கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். கனடாவின் எட்வர்ட் பர்ட்டின்ஸ்கி 2000-இல் வண்ணத்தில். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சல்காடோ பக்கம்.

பர்ட்டின்ஸ்கியின் படங்களில் பாதி அறுத்த கப்பல் எண்ணெய்ச் சேற்றில் நிற்கும், ஆட்கள் எறும்பளவுதான். கண்காட்சியில் பெரிய பிரதியாகப் பார்த்தால்தான் அந்தத் துரு நிறம் உறைக்கும். ஃபோனில் பார்ப்பது வீண்.

சல்காடோ சிறிய கேமராவோடு ஆட்களுக்கு நடுவே போனவர். 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் அவர் எடுத்த படம் ஒன்றில், தொழிலாளி ஒருவர் காவலரின் துப்பாக்கிக் குழலையே கையால் பிடித்திருக்கிறார். சுரங்கம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் அந்தக் கை. பாடுபடுபவர்களை இத்தனை அழகாகக் காட்டலாமா என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. மரியாதையோடு எடுத்த படம் அழகாக இருப்பதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.