டர்பனில் புதுப் போனுக்கு முன்பதிவு: பணத்தை எங்கே கட்டலாம், எங்கே கூடாது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் புதுப் போனுக்கு முன்பதிவு செய்ய மூன்று வழி உண்டு: நெட்வொர்க் கடையில் மாதத் தவணைக் கான்ட்ராக்ட், இணையக் கடை, தெரிந்தவர் நடத்தும் சின்னக் கடையில் டெபாசிட். போன் சொன்ன தேதியில் வந்துவிட்டால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தேதி தள்ளிப்போனால்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். அதனால் இங்கே விலையை ஒப்பிடவில்லை. போன் வராத நாட்களில் நம் பணம் யார் கையில் இருக்கிறது, கேட்டால் திரும்பி வருமா, இந்த இரண்டையும்தான் பார்க்கிறோம்.

“அடுத்த வாரம் வந்துடும் அக்கா” என்று கவுன்டரில் சொல்கிற தம்பி பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவருக்கே தெரியாது. சிக்கல் அவர் கடையிலும் இல்லை, ஜோகன்னஸ்பர்க் கிடங்கிலும் இல்லை. ஆசியாவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில், நகத்தளவு பாகம் ஒன்றில் இருக்கிறது.

2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் இரண்டையும் செப்டம்பர் 12 அன்று ஒரே மேடையில் காட்டினார்கள். 8 அதே மாதம் 22-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. எக்ஸ் முதல் வரிசை நாடுகளுக்கே நவம்பர் 3-இல்தான் வந்தது. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 18. பரிசாகக் கொடுக்க நினைத்தவர்கள் வேறு போனைத்தான் கொடுத்திருப்பார்கள். இழுத்தடித்ததாக அப்போது அதிகம் பேசப்பட்டது முகத்தை அடையாளம் காணும் கேமராத் தொகுதி. அதில் உள்ள புள்ளி வீசும் கருவி முகத்தின் மேல் 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளைப் பாய்ச்சுகிறது. உள்ளே ஒரு லேசர் சில்லு, ஒளியை மடக்கித் திருப்பும் லென்ஸ், கதிரைப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லிய தகடு. மூன்றையும் மைக்ரான் கணக்கில் நேர்நிறுத்திப் பசையில் ஒட்ட வேண்டும். பசை இறுகும்போது கொஞ்சம் இழுத்தாலும் புள்ளிகள் இடம் மாறிவிடும். அந்தத் தொகுதி கழிவுதான். லேசர் சில்லுக்கே தட்டுப்பாடு இருந்ததால், அந்த ஆண்டு டிசம்பரில் அதைச் செய்யும் ஃபினிசார் நிறுவனத்துக்கு ஆப்பிள் 39 கோடி டாலர் ஒதுக்கியது.

இதில் பலரும் கவனிக்காதது பெருக்கல் கணக்கு. ஒரு தொகுதிக்கு ஐந்து நுட்பமான படிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு தேறுகிறது என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து படியும் தாண்டி முழுசாக வருவது ஐம்பத்தொன்பது. மீதி நாற்பத்தொன்றும் குப்பை. படிக்குத் தொண்ணூற்றைந்து ஆனால் எழுபத்தேழு தேறும். அந்த ஐந்து சதவீதத்தை ஏற்றத்தான் வாரக்கணக்கில் பசையையும் சூட்டையும் பிடிமானத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஆளைக் கூட்டினால் குப்பைதான் வேகமாகக் கூடும்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையிலும் இதே கதைதான். வெற்றிட அறையில் ஒளிரும் பொருளை ஆவியாக்கி, நுண்துளை போட்ட மெல்லிய உலோகத் தகடு வழியாகக் கண்ணாடியில் படிய வைக்கிறார்கள். சூட்டில் விரிந்து தகடு துளி தொய்ந்தாலும் சிவப்பு விழ வேண்டிய இடத்தில் பச்சை விழும். அதனால்தான் சூட்டில் அதிகம் விரியாத இன்வார் கலவையில் தகடு செய்கிறார்கள்.

இதைவிட அற்பமான காரணத்துக்கும் போன் நின்றிருக்கிறது. 2010 ஜூனில் அறிவித்த ஐபோன் 4-இன் வெள்ளை நிறம் கடைக்கு வர 2011 ஏப்ரல் 28 ஆகிவிட்டது. வெறும் வெள்ளைச் சாயம்! அது காலப்போக்கில் மங்காமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் சென்சார்களைக் குழப்பாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையப் பத்து மாதம்.

வாங்குபவருக்கு உதவுவது ஒரே கேள்விதான்: இந்த மாடலில் இதுவரை யாரும் லட்சக்கணக்கில் செய்யாத பாகம் எது? சிப் வேகம் கூடியது, மெகாபிக்சல் கூடியது என்றால் தேதி பெரும்பாலும் நிற்கும். புதுக் கீல், புது வகைத் திரை, புது சென்சார் என்றால் அறிவித்த தேதியோடு மனதுக்குள் ஒன்றிரண்டு மாதம் கூட்டிக்கொள்வது நல்லது.

இனி கடைகள். எங்கள் கணக்கில் இணையக் கடைதான் முதலில். தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி, வேறு ஏற்பாடு பேசாதவரை ஆர்டர் கிடைத்த 30 நாளுக்குள் பொருளைத் தர வேண்டும். தராவிட்டால் ஏழு நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து ரத்து செய்யலாம். பொருளே கிடைக்கவில்லை என்றால் கடை உடனே தெரிவித்து 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். கொக்கி “வேறு ஏற்பாடு” என்ற சொல்லில் இருக்கிறது. முன்பதிவுப் பக்கத்தின் அடியில் “தேதி மாறக்கூடும், வாடிக்கையாளர் சம்மதிக்கிறார்” என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த 30 நாளை நாமே விட்டுக்கொடுத்ததாக வாதிடுவார்கள். டிக் போடும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணத்துக்குப் பதில் கடைக் கிரெடிட் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கான்ட்ராக்ட் பரவாயில்லை, ஒரு நிபந்தனையோடு. வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் டெபிட் ஆர்டர், போன் கைக்கு வந்த மாதத்திலிருந்து தொடங்கும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். போன் தாமதமானால் போன வருட மாடலை அதே மாதத் தவணைக்கு நீட்டுவார்கள். பழைய மாடலின் விலை அதற்குள் இறங்கியிருக்கும், தவணை இறங்காது. 24 மாதத்துக்கு மேல் போகிற 36 மாதத் திட்டத்தில் இந்த மாற்று ரொம்பவே நஷ்டம்.

சின்னக் கடை டெபாசிட்டில்தான் பேச நிறைய இருக்கிறது. நல்லதும் உண்டு: தெரிந்த முகம், தவணையில் கட்டி முடித்தபின் பொருளை எடுத்துக்கொள்ளும் லே-பை வசதி, பேரம். புது மாடலை முதலில் ஷோகேஸில் வைப்பதும் பல நேரம் இவர்கள்தான், ஏனென்றால் துபாய் வழியாகச் சரக்கு எடுக்கிறார்கள். அப்படி நிறுவனத்தின் அனுமதியில்லாமல் வந்த சரக்கு என்றால் அதை வெளிப்படையாக எழுதி ஒட்ட வேண்டும் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. ஒட்டியிருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். உற்பத்தியாளரின் உள்ளூர் வாரண்டி இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் பழுதானால் பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்று கேட்கும் உரிமை 56-ஆம் பிரிவில் இருக்கிறது. அதைக் கடைக்காரரிடமே கேட்கலாம்.

லே-பையில் முழுத்தொகை கட்டியும் பொருள் இல்லை என்றால் 62-ஆம் பிரிவு பேசும்: ஒப்பான அல்லது மேலான பொருள், அல்லது பணம். காரணம் கடையின் கைமீறியது என்றால் பணம் வட்டியோடு வரும். மற்றபடி கட்டியதில் இரண்டு மடங்கு. ஆகவே காரணம் எது என்பதுதான் சண்டை. தொழிற்சாலையில் பாகம் தேறவில்லை என்பது கைமீறிய காரணம். இருபது பெட்டி ஒதுக்கீட்டுக்கு அறுபது பேரிடம் டெபாசிட் வாங்கியது அப்படியல்ல. “அண்ணா, டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்கு எத்தனை ஒதுக்கியிருக்கார், என் நம்பர் வரிசையில எத்தனையாவது?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் முழுப்பணம் கட்டாதீர்கள். ரசீதில் மாடல், நிறம், ஸ்டோரேஜ், தேதி நான்கும் இருக்க வேண்டும். “புது போன்” என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் உதவாது.

போன் ஒருவழியாக வந்ததும் கவுன்டரிலேயே பத்து நிமிடம் செலவழியுங்கள். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? வாரண்டித் தேதி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கிறதா? வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து ஒரு சாம்பல் நிறப் படத்தைத் திறந்தால், அவசரத்தில் தேறிய திரையில் பச்சைச் சாயலோ திட்டோ தெரியும்.

மடக்குப் போன் என்றால் இன்னும் கவனம். சாம்சங்கின் கேலக்ஸி ஃபோல்ட் 2019 ஏப்ரல் 26 அன்று வர வேண்டியது. விமர்சகர்கள் கையிலேயே திரைகள் செத்ததால் செப்டம்பர் 6-இல் கொரியாவில் வந்தது. திரையின் மேல் இருந்த பாதுகாப்புப் படலத்தை ஸ்கிரீன் கார்டு என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். வேறு சில போன்களில் கீலின் மேல், கீழ் முனையில் இருந்த இடைவெளி வழியே துகள் நுழைந்து திரையைப் பின்னாலிருந்து குத்தியது. பிறகு படலத்தை விளிம்புச் சட்டத்துக்கு அடியில் போகும்படி நீட்டி, கீல் முனைகளில் மூடி வைத்து, திரைக்கு அடியில் கூடுதல் உலோக அடுக்கும் சேர்த்தார்கள். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது நிஜமாகவே வேறு போன். அந்த நான்கு மாதத்துக்கும் மேலான தாமதத்தைக் குறை சொல்ல முடியாது.

2024-இன் ஃபோல்ட் 6-க்குக் கிடைத்த, தூசியும் தண்ணீரும் தாங்கும் அளவைச் சொல்லும் தரக்குறி ஐபி48. அதில் 4 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் மட்டுமே தடுக்கப்படும். டர்பன் கடற்கரை மணல் அதைவிடப் பொடி. ஆகவே மடிப்பின் இரு முனையிலும் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். படலம் எழும்பியிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். இணையத்தில் வாங்கியது என்றால் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. காரணம் சொல்லவே வேண்டாம், திருப்பி அனுப்பும் கூலி மட்டும் நம்முடையது.